வாகன் வில்லியம்ஸின் ‘ரைடர்ஸ் டு த சீ’: 1970 ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் உண்டா?

பாய்மரம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று வாரமாக ஒரே குறுந்தகட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய தகடுகள் விற்கும் ஒருவரிடம் வேறு எதையோ தேடிப் போன இடத்தில் கையில் சிக்கியது. உறை விரிசல் விட்டிருந்தது. பாடல் வரிகள் அச்சிட்ட சிறு புத்தகம் உள்ளே இல்லை. ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸின் ‘ரைடர்ஸ் டு த சீ’. ஜான் மில்லிங்டன் சிங் எழுதிய நாடகத்தை இசையாக்கிய, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒற்றை அங்க ஓபரா. மெரடித் டேவிஸ் நடத்தி 1970இல் பதிவானது. தாய் மோரியாவாக ஹெலன் வாட்ஸ், மூத்த மகள் காத்லீனாக மார்கரெட் பிரைஸ், இளையவள் நோராவாக நார்மா பரோஸ், மகன் பார்ட்லியாக பெஞ்சமின் லக்சன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவு, அதில் ஒரு குடிசை. மோரியாவின் கணவர், மாமனார், நான்கு மகன்கள் எல்லோரையும் கடல் கொண்டுபோய்விட்டது. ஐந்தாம் மகன் மைக்கேலைக் காணாமல் ஒன்பது நாள் ஆகிறது. வடக்கே டோனிகால் கரையில் ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் ஒற்றைக் காலுறையும் அடங்கிய மூட்டையைப் பாதிரியார் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது மைக்கேலுடையதுதானா என்று தாய்க்குத் தெரியாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு பெண்கள் இருவருக்கும். மிஞ்சியிருக்கும் ஒரே மகன் பார்ட்லி, குதிரைகளைச் சந்தையில் விற்க அன்றைக்கே கடல் கடந்து போவேன் என்கிறான். தாய் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. அவள் வாழ்த்துச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறாள். முடிவை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, இந்தப் பதிவில் கடலோசை ஓயவே இல்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் சில இடங்களில் குரல்களுக்கு மேலேயே ஏறி நிற்பதுபோல் எனக்குப் படுகிறது. இது பதிவுக் கோளாறா, இசையமைப்பாளரே அப்படித்தான் கேட்டாரா? இரண்டாவது கேள்வியைத்தான் என்னால் விட முடியவில்லை. எல்லோரையும் இழந்த பிறகு மோரியா பாடும் கடைசிப் பகுதியில் இசை அமைதியாகிவிடுகிறது, அழகாகவும் ஆகிவிடுகிறது. அந்த அமைதியை நான் நம்பலாமா?

*

செவிவழி எழுதியது:

பாய்மரம், நல்ல இழையைத் தொடங்கினீர்கள். என்னிடம் இதன் இசைத்தட்டு முப்பது வருடமாக இருக்கிறது. 1995இல் ரிச்சர்ட் ஹிக்காக்ஸ் நடத்திய பதிவும் இருக்கிறது. அதில் மோரியா லிண்டா ஃபின்னி, பார்ட்லி கார்ல் டேமண்ட், நோரா லின் டாசன், காத்லீன் இங்கிரிட் அட்ராட், இசைக்குழு நார்தர்ன் சின்ஃபோனியா. கூடவே வாகன் வில்லியம்ஸின் ‘ஃப்ளோஸ் கேம்பி’ என்ற இன்னொரு படைப்பும் உண்டு. அதற்காக மட்டுமே வாங்கினாலும் பணம் வீணாகாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். இசைக்குழுவுக்குள் கடலோசை எழுப்ப ஒரு கருவி வேண்டும் என்று இசையமைப்பாளரே இசைப்படியில் கேட்டிருக்கிறார். எனவே அது பதிவு செய்தவர்கள் ஒட்டவைத்த ஒலி அலங்காரம் இல்லை. அதை எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் நடத்துநருக்கும் பதிவாளருக்கும் இடம் இருக்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்துவிட்டு, அறையில் ஸ்பீக்கரில், ஜன்னலைச் சாத்திக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் கடல் உங்கள் தலைக்குள் இருக்கும். ஸ்பீக்கரில் அது வீட்டுக்கு வெளியே போய்விடும். மோரியாவின் வீட்டுக்கும் அது வெளியேதானே இருக்க வேண்டும்.

டேவிஸ் பதிவில் பாடகர்களின் தேர்வை இன்னும் வியக்கிறேன். ஹெலன் வாட்ஸின் குரல் கான்ட்ரால்டோ, பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகை, கீழே போகப் போக மரத்தின் உள்வைரம்போல் கடினப்படும் குரல். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சமய இசையில் பழகியவர். அழுது பாடும் வழக்கம் அந்தத் தொண்டைக்கு இல்லை. மோரியாவுக்கு அதுதான் வேண்டும். மெரடித் டேவிஸும் துயர இசைக்குப் புதியவரல்லர். 1962இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ அரங்கேறியபோது பெரிய இசைக்குழுவை நடத்தியவர் அவர்தான். சிறிய குழுவை பிரிட்டனே நடத்தினார். லக்சன் இதற்கு அடுத்த ஆண்டு, 1971இல், பிரிட்டனின் தொலைக்காட்சி ஓபரா ‘ஓவன் விங்கிரேவ்’இல் தலைமைப் பாத்திரம் பாடினார். இங்கே அவருக்குச் சில நிமிடங்களே வேலை. வருகிறான், கயிற்றை எடுக்கிறான், போய்விடுகிறான். அந்தச் சில நிமிடத்துக்குள் ஓர் இளைஞனின் அவசரம் முழுவதும் குரலில் வந்துவிட வேண்டும். வந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

*

கல்தூண் எழுதியது:

இந்த ஓபராவைக் கேட்டதில்லை. இழையைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவு மீனவர்களின் கம்பளிச் சட்டைகளில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் வடிவம் உண்டு என்றும், மூழ்கிய உடல் கரை ஒதுங்கினால் பின்னலைப் பார்த்து எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள் என்றும் எங்கோ படித்திருக்கிறேன். அந்த வழக்கத்தைத்தான் இந்தக் கதையில் பயன்படுத்தியிருக்கிறார்களா?

*

தறியோரம் எழுதியது:

கல்தூண் அண்ணா, விஷயம் நேர்மாறாக நடந்தது. குடும்பத்துக்கு ஒரு பின்னல் என்ற கதைக்கு விதையே இந்த நாடகம்தான் என்று பின்னல் வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். கம்பளிச் சட்டை வியாபாரம் வளர்ந்தபோது கதையும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. நான் பின்னல் வேலை செய்கிறவள், அதனால் அந்தக் காட்சியை நாடகப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்தேன்.

பெண்கள் இருவரும் முதலில் சட்டையைத்தான் பார்க்கிறார்கள். அதே துணியில் கடையில் சுருள் சுருளாக இருக்குமே, வேறொருவனும் அதில் சட்டை தைத்திருக்கலாமே என்ற சந்தேகம் வருகிறது. அடுத்து காலுறை. சாதாரணக் காலுறை, அதில் வடிவம் எதுவும் இல்லை. நோரா கண்ணிகளை எண்ணுகிறாள். தான் பின்னிய மூன்றாவது ஜோடி அது. அறுபது கண்ணி போட்டுத் தொடங்கி நான்கை விட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. எண்ணிக்கை பொருந்திவிடுகிறது.

அண்ணன் இறந்துவிட்டான் என்பது அவளுக்குத் தன் கைவேலையின் கணக்கிலிருந்து தெரிகிறது. பின்னுகிறவர்களுக்கு இது புரியும். வேறு யார் கண்ணுக்கும் படாத நான்கு கண்ணிகள் பின்னிய விரலுக்குத் தெரியும். குலச்சின்னம்போல ஒரு வடிவத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதில் இந்த வலி இல்லை. ஒரு தங்கை அண்ணனுக்காக உட்கார்ந்து போட்ட கணக்கு, அவன் போன பிறகு சாட்சி சொல்ல வருகிறது.

பாய்மரம், ஒலிப்பதிவில் அந்த எண்ணும் இடம் எப்படி இருக்கிறது? நான் இன்னும் கேட்கவில்லை.

*

பாய்மரம் எழுதியது:

தறியோரம் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போட்டுக் கேட்டேன். அங்கே பாட்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பேசுகிற வேகத்தில், பேசுகிற ஏற்ற இறக்கத்தில் நோராவின் குரல் போகிறது. இசைக்குழு அதைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கி நிற்கிறது. பரோஸின் குரல் இளமையானது. அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன கண்டுபிடித்துவிட்டாள் என்பது அரை நொடி தாமதமாகத்தான் உறைக்கிறது. முதல் தடவை இந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். வரிகள் கையில் இல்லாத குறை.

*

மாலைக்கேள்வி எழுதியது:

எல்லோரும் புகழ்கிறீர்கள் என்று இணையத்தில் தேடிக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் புச்சினியைக் கேட்டு வளர்ந்தவள். ஓபராவில் துயரம் என்றால் ஒருவர் எதையோ ஆசைப்பட்டு, தவறு செய்து, அதற்கு விலை கொடுக்க வேண்டும். இங்கே யார் என்ன தவறு செய்தார்கள்? குதிரை விற்கப் போனவன் செத்துப்போனான். இது விபத்து. நாற்பது நிமிடத்தில் மனதில் தங்கும்படி ஒரு மெட்டு இல்லை. ஒரே சாம்பல் நிறம். இதன் பெயர் வெளியே பரவாததற்கு இசையிலேயே காரணம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். என்னோடு உடன்படாதவர்கள் இருந்தால் எந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்று காட்டுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

*

செவிவழி எழுதியது:

மாலைக்கேள்வி, நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. ஓர் இடம் காட்டுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

பார்ட்லி கிளம்பிய பிறகு பெண்களுக்கு ஒன்று உறைக்கிறது. அவனுக்காகச் சுட்ட ரொட்டியைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். சரி, அம்மா ஊற்றருகே போய் நின்று, அவன் குதிரையில் கடந்து போகும்போது ரொட்டியையும் கொடுத்து, சொல்லாமல் விட்ட வாழ்த்தையும் சொல்லிவிட்டு வரட்டும் என்று அனுப்புகிறார்கள். அவள் போன நேரத்தில்தான் மூட்டையைப் பிரிக்கிறார்கள். மோரியா திரும்பி வருகிறாள். ரொட்டி அவள் கையிலேயே இருக்கிறது. செம்மண் நிறப் பெட்டைக் குதிரையில் பார்ட்லி போனான், பின்னால் சாம்பல் நிறக் குதிரை, அதன் மேல் மைக்கேல் நல்ல உடுப்பும் காலில் புதுச் செருப்புமாக உட்கார்ந்திருந்தான் என்கிறாள். வாழ்த்தச் சொல் எழும்பவில்லை, தொண்டையை அடைத்துக்கொண்டது.

இங்கிருந்து கேளுங்கள். கடல் கொண்டுபோன ஆண்களை அவள் ஒருவர் ஒருவராகச் சொல்லத் தொடங்குகிறாள். பாட்ச் என்ற மகனின் முறை வரும்போது அந்த நாளை அப்படியே எடுத்து வைக்கிறாள். குழந்தை பார்ட்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள், பிறகு மூன்று பேர், பிறகு நான்கு பேர். எல்லோரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள், யாரும் பேசவில்லை. பின்னால் ஆண்கள் எதையோ சுமந்து வந்தார்கள். படகின் சிவப்புப் பாய்த்துணியின் பாதியில் சுற்றியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு மழை இல்லை, வறண்ட நாள். வாசல் வரைக்கும் ஈரத்தடம்.

அவள் இதைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் கதவு திறக்கிறது. பெண்கள் உள்ளே வருகிறார்கள், சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறார்கள். பார்ட்லியைத் தூக்கி வருகிறார்கள்.

சொல்லப்பட்ட பழைய நாள் அப்படியே அறைக்குள் நடந்துவிடுகிறது. நினைவும் நிகழ்வும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இந்த இடத்தில் ஒரு மெட்டு வந்து நின்றிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். வாகன் வில்லியம்ஸ் மெட்டுக் கட்டத் தெரியாதவர் இல்லை. நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். இங்கே கையை மடக்கிக்கொண்டார். 1925இல் தொடங்கி 1932இல் முடித்திருக்கிறார். முக்கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு படைப்புக்கு ஏழு வருடம். 1937இல்தான் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் மால்கம் சார்ஜென்ட் நடத்த மேடையேறியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி ரபோ இதே நாடகத்தை 1924இலேயே ஓபராவாக்கியிருந்தார், அதுவும் இன்று பரவலாகக் கேட்கப்படுவதில்லை.

தவறு யாருடையது என்கிறீர்கள். பார்ட்லிக்குப் போகாமல் இருக்க முடியாது. இதை விட்டால் இரண்டு வாரத்துக்கோ அதற்கு மேலோ வேறு படகு கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். போகும்போதே, கடற்பாசியைச் சேர்த்துவை, விற்கலாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறான். போனால் சாவு, போகாவிட்டால் பட்டினி. கடல்தான் அவர்களுக்குச் சோறு, கடல்தான் கூற்று. ஒருவன் தன் குற்றத்தால் விழுவது ஒரு வகைத் துயர நாடகம். குற்றமே செய்யாமல் வாழ்க்கையை நடத்தியதற்காக விழுவது இன்னொரு வகை.

*

நூலகத்து மேசை எழுதியது:

செவிவழி ஐயா சொன்னதோடு நாடகாசிரியரைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஓபராவில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் அவருடையது. ஜான் மில்லிங்டன் சிங், 1871இல் பிறந்து 1909இல் மறைந்தவர். நாற்பது வயதை எட்டவில்லை. 1898இலிருந்து சில ஆண்டுகள் தொடர்ந்து ஆரன் தீவுகளுக்குப் போய்த் தங்கினார், பெரும்பாலும் நடுத்தீவான இனிஷ்மானில். ஐரிஷ் மொழி கற்றுக்கொண்டார். தார் பூசிய கித்தானை மரச்சட்டத்தில் போர்த்திய படகுகளில் அவர்களோடு கடலில் போனார். நாடகம் 1904இல் டப்ளினில் அரங்கேறியது.

அவருடைய தீவுக் குறிப்புகள் 1907இல் நூலாக வந்தன. நாடகத்தின் எலும்புகள் அதில் தனித்தனியே கிடக்கின்றன. டோனிகாலில் ஒதுங்கிய ஓர் உடல் தன் அண்ணனுடையதா என்று ஒரு பெண் உடைகளின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடையாளம் காணும் நிகழ்ச்சி அதில் வருகிறது. கடலில் போன மகன் குதிரையில் போவதைக் கண்ட ஒரு தாயின் கதையும் வருகிறது. நோராவும் மோரியாவும் அங்கிருந்து எழுந்து வந்தவர்கள்.

மொழியைப் பற்றி. அந்தத் தீவு மக்கள் வீட்டில் பேசியது ஐரிஷ். சிங் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் சொல் மட்டும்தான் ஆங்கிலம், வாக்கியத்தின் முதுகெலும்பு ஐரிஷ். வினை முன்னால் வரும், அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழும். வாகன் வில்லியம்ஸ் இந்த நடையை அப்படியே நம்பினார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இசைக்காக வாக்கியத்தை இழுக்கவில்லை, எதுகை சேர்க்கவில்லை. வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே இசையும் விடுகிறது. மாலைக்கேள்வி அவர்களுக்கு மெட்டு கிடைக்காமல் போனது இதனால்தான். அந்த மக்களின் பேச்சிலேயே மெட்டு இருந்தது என்று அவர் நினைத்திருக்கிறார்.

வாசல் கதவைத் திறந்து ஊற்றுக்குப் போகும்போது மோரியா மைக்கேலின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போகிறாள். ஊர் உலகத்தில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள், இங்கே பிள்ளைகள் பெரியவர்களுக்கு விட்டுப்போகிறார்கள் என்ற பொருளில் ஒரு சொல் சொல்கிறாள். எந்தப் பதிவாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

*

கல்தூண் எழுதியது:

தறியோரம், திருத்தியதற்கு நன்றி. இவ்வளவு நாள் பலரிடமும் அந்தச் சட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இனி சொல்ல மாட்டேன்.

நேற்று இரவு கேட்டேன். உடலைக் கொண்டுவரும்போது பெண்கள் குரலெழுப்பும் இடம் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. இது நம் ஒப்பாரியேதான். நெய்தல் நிலத்துக்கு இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்தது உலகத்துக்கே பொருந்துகிறது.

*

நூலகத்து மேசை எழுதியது:

கல்தூண், ஒப்பாரி என்ற சொல்லைத் தவிர வேறு சொல் எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் ஒப்பாரிக்கு உயிர் அதன் சொல்லில் இருக்கிறது. இறந்தவரை விளித்து, அவர் கட்டிய வீடு, வாங்கிய சேலை, நடந்த தெரு என்று சொல்லிச் சொல்லி அழுவது. அயர்லாந்தின் பழைய ஒப்பாரியிலும் சொல் உண்டு, பெயர் பெற்ற பாடல்களே உண்டு. வாகன் வில்லியம்ஸ் இங்கே பெண்களுக்குச் சொல்லே கொடுக்கவில்லை. வெறும் குரல். சொல் முழுவதையும் மோரியாவிடம் வைத்துவிட்டார். அவளுக்குப் பின்னால் அலைபோலக் குரல்கள் ஏறி இறங்குகின்றன. சிறிது நேரத்தில் கடல் எது, பெண்கள் எது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

நெய்தலைப் பற்றி: அங்கே இரங்குபவள் பெரும்பாலும் தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவி. அவளுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. மோரியாவின் இரங்கலை அந்தத் திணைக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

*

செவிவழி எழுதியது:

சொல்லில்லாத பெண் குரல்கள் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இதே இசையமைப்பாளரின் ஏழாவது சிம்ஃபனி, ‘சின்ஃபோனியா அன்டார்டிகா’, 1953இல் மான்செஸ்டரில் அரங்கேறியது. ஆங்கிலேயப் பயணி ஸ்காட்டின் தென் துருவப் பயணத்தைப் பற்றி 1948இல் வந்த படத்துக்கு அவர் எழுதிய இசையிலிருந்து வளர்ந்தது. அதிலும் சொல்லற்ற பெண் குரல்கள், அதிலும் காற்றோசை எழுப்பும் கருவி. மனிதனைப் பொருட்படுத்தாத இயற்கைக்கு அவர் தேடிய ஒலி ‘ரைடர்ஸ்’இலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இனி பாய்மரத்தின் இரண்டாம் கேள்வி. மீண்டும் இரண்டு பதிவுகளையும் கேட்டுவிட்டேன்.

உடலை வைத்த பிறகு மோரியா அழவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள், கடல் எனக்குச் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்கிறாள். இனிக் காற்று அடித்தால் இரவில் விழித்திருந்து பிரார்த்தனை செய்ய வேண்டாம். சம்ஹைன் என்ற நவம்பர் தொடக்கத் திருநாள் கழிந்த இருட்டு இரவுகளில் தீர்த்தம் எடுத்துவர இறங்கிப் போக வேண்டாம். இதைப் பாடும்போது இசை ‘மேஜர்’ எனப்படும் தெளிந்த சுரவரிசைக்கு மாறி, இதுவரை மறுத்துவந்த நீண்ட இசை வரியை முதன்முறையாக அவளுக்குத் தருகிறது. மாலைக்கேள்வி தேடிய மெட்டு இங்கே வருகிறது, இவ்வளவு தாமதமாக.

ஹிக்காக்ஸ் பதிவில் ஃபின்னியின் குரலில் இந்த இடம் கதகதப்பாக இருக்கிறது. கேட்கிறவனுக்கு ஆறுதல் கிடைக்கிறது. வாட்ஸ் பாடும்போது அப்படி இல்லை. குரல் சமமாகப் போகிறது. அழுத்தம் ஏறவேண்டும் என்று நாம் நினைக்கும் சொல்லில் அவர் ஏற்றவில்லை. பல வருடம் அதை அமைதி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால் பயப்படுவதற்கு ஒருவரும் மிஞ்சாதவளின் ஓய்வு அது என்று தோன்றுகிறது. தூக்கம் கிடைத்திருக்கிறது, அதற்கு அவள் கொடுத்த விலை ஆறு மகன்கள். அந்த அழகான இசையை நம்பலாமா என்றால், நம்பலாம், பாய்மரம். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு இனிப் பயம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

*

பாய்மரம் எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத ஓடவில்லை.

ஒரு எண்ணம். வாகன் வில்லியம்ஸ் முதல் உலகப் போரில் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தானாகவே சேர்ந்து, பிரான்ஸில் காயம்பட்டவர்களைத் தூக்கும் பணியில் இருந்தவர். அந்தப் போரின் நிழல் 1922இல் அரங்கேறிய அவருடைய ‘பாஸ்டரல் சிம்ஃபனி’யில் இருக்கிறது. அது முடிந்து மூன்று வருடத்தில் இந்த நாடகத்தைக் கையில் எடுக்கிறார். அன்றைய இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு மோரியாக்கள் இருந்திருப்பார்கள். உடல் வந்து சேராத மகன்கள், அடையாளம் காட்டும் பொருட்கள். அவர் இதை எண்ணித்தான் எழுதினார் என்று சொல்லவில்லை. 1937இல் அரங்கில் உட்கார்ந்து கேட்ட ஒரு தாய் எதை நினைத்திருப்பாள் என்றுதான் யோசிக்கிறேன்.

பாதிரியாரின் வாக்கை மோரியா ஏற்காத இடமும் இப்போது வேறுமாதிரி கேட்கிறது. ஒரு மகன்கூட இல்லாமல் கடவுள் அவளைக் கைவிடமாட்டார் என்று அவர் சொன்னதாகப் பெண்கள் சொல்கிறார்கள். அவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோல அவள் பதில் சொல்கிறாள். வாட்ஸ் அந்த வரியில் கோபமே காட்டவில்லை.

*

மாலைக்கேள்வி எழுதியது:

செவிவழி ஐயா காட்டிய இடத்தைக் கேட்டேன். ஸ்பீக்கரில், விளக்கை அணைத்துவிட்டு. ஈரத்தடம் என்ற இடத்தில் ஓர் இசைக்கருவி மட்டும் தனியாக நின்றதுபோல் இருந்தது, பிறகு கதவு. என் கருத்து முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்துப் பதினைந்து நிமிடம் இன்னும் எனக்குச் சாம்பல்தான். ஆனால் பாட்சின் கதையிலிருந்து கடைசி வரை எழுந்திருக்க முடியவில்லை. முடிந்த பிறகும் கடலோசை அடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறதே, அதுவரை உட்கார்ந்திருந்தேன். 1970 பதிவைத்தான் கேட்டேன். மற்றதையும் தேடுகிறேன்.

*

தறியோரம் எழுதியது:

நானும் கேட்டுவிட்டேன், பாய்மரம். எண்ணும் இடம் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது.

நாடகப் புத்தகம் கையில் இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ரொட்டி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. திரை எழும்போது காத்லீன் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். அடுப்பில் வைக்கிறாள். பார்ட்லி வெறும் வயிற்றோடு போகிறான். தாய் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறாள். கடைசியில் ஊர் ஆண்கள் வந்து நிற்கும்போது காத்லீன் ஒரு முதியவரிடம், விடிந்ததும் சவப்பெட்டி செய்து தருகிறீர்களா என்று கேட்கிறாள். மைக்கேலின் உடல் கிடைக்கும் என்று அம்மா வாங்கிவைத்த வெள்ளைப் பலகைகள் இருக்கின்றன. வேலை செய்யும்போது நீங்கள் சாப்பிடப் புது ரொட்டியும் இருக்கிறது என்கிறாள்.

அவர் ஆணி இருக்கிறதா என்று கேட்கிறார். ஆணியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.